தசராவன்று துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

எங்கள் தாராவி வீட்டில் ஆயுத பூஜை வந்தால் மிக்சிக்குச் சந்தனம் வைப்போம், தையல் மெஷினுக்கு வைப்போம், கேஸ் சிலிண்டரைக்கூட அம்மா விடமாட்டாள். துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்தது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தாணேயைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த ஒரு துப்பாக்கி கிளப்பில் வேலை பார்த்தார். வசதியானவர்கள் கார் போட்டு வந்து சுடுகிற இடம் அது. எதைச் சுடுவார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? வேட்டையாடக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால் பறவைக்குப் பதிலாகத் தட்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஒரு மெஷின் அதை வானத்தில் வீசும். கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து வைப்பது மாமாவின் வேலை.

தசரா அன்று கிளப்பில் காலையில் ஆயுதங்களுக்குப் பூஜை, பிறகு வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு போட்டி. ஜெயித்தால் குக்கர். அந்த வருடம் மாமா எங்களோடு இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். ஒருவர் அணுசக்தி நகரில் குடியிருந்த டெக்னீஷியன். இன்னொருவர் அவருடைய மகள். மாமாவுக்குப் பேசிக்கொண்டிருந்த பெண். மாப்பிள்ளை வேலை செய்கிற லட்சணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு என்று அந்த அப்பா சொல்லியிருந்தார். அம்மாவுக்கு முதல் நாள் ராத்திரி தூக்கமே இல்லை. தாய் இல்லாத தம்பியை வளர்த்தவள் அவள்தான்.

மேஜைமேல் துப்பாக்கிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். பாதி இரட்டைக்குழல். நடுவில் மடக்கி, இரண்டு தோட்டா போட்டு, இரண்டு தடவை சுட்டுவிட்டு மறுபடி மடக்க வேண்டும். மாமா சுடப்போவது ஆட்டோமேட்டிக். ஒரு தடவை சுட்டால் காலித் தோட்டாவைத் தானே துப்பிவிட்டு அடுத்ததைத் தானே எடுத்துக்கொள்ளும். மாமாவுக்கு அதன்மேல் அத்தனை பெருமை.

கூட வேலை பார்த்த தாணேக்காரர் ஒருவருக்கு அது பிடிக்காது. அவர் மராத்திக்காரர், பம்பாய் இந்தியில் கிண்டல் செய்ததை மாமா எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"ஆட்டோமேட்டிக் புது மாப்பிள்ளை மாதிரியாம். தோட்டா கொஞ்சம் வலு கம்மியா இருந்தா மூஞ்சியத் தூக்கிக்குமாம், உள்ள கொஞ்சம் அழுக்கு இருந்தா கோவிச்சுக்குமாம். புலி எதிர்ல வந்தா அவர் இரட்டைக்குழலத்தான் எடுப்பாராம்."

"தாணேல புலிக்கு எங்க போவாராம்?" என்றாள் அந்தப் பெண். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜை ஆரம்பித்தது. பூசாரி எல்லாத் துப்பாக்கிக்கும் பெயருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார். அம்மாவுக்கு அது போதவில்லை. வீட்டிலிருந்து அரைத்துக் கொண்டுவந்த சந்தனத்தைக் கிண்ணத்தோடு எடுத்தாள்.

"ஏல, ஒந் துப்பாக்கி எது?"

மாமா யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓடிக்கொண்டே கையைக் காட்டிவிட்டுப் போனார். அம்மா அதன் பக்கவாட்டில் மூன்று விரலாலும் தாராளமாகப் பட்டை போட்டாள். காலித் தோட்டா வெளியே வருகிற திறப்பு அங்கேதான் இருந்தது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது அந்தப் பெண்தான்.

போட்டி தொடங்கியது. காதில் பஞ்சு வைத்தும் நெஞ்சுக்குள் இடித்தது. ஒவ்வொருவராகத் தோற்றுக் கடைசியில் மாமாவும் தாணேக்காரரும் சமமாக நின்றார்கள். இனி ஒரே நேரத்தில் இரண்டு தட்டு பறக்கும். தாணேக்காரர் ஒன்றை உடைத்தார், ஒன்றை விட்டார். மாமா இரண்டையும் உடைத்தால் குக்கர் எங்களுக்கு.

தட்டுகள் கிளம்பின. முதல் தட்டு பொடிப்பொடியாகச் சிதறியது. இரண்டாவது தட்டு நிதானமாகப் பறந்து புல்லில் போய் உட்கார்ந்தது. துப்பாக்கி பேசவே இல்லை.

காலித் தோட்டா பாதி வெளியே, பாதி உள்ளே மாட்டிக்கொண்டு நின்றது. "கையால இழு! இழு!" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். மாமா இழுக்கவில்லை. துப்பாக்கியைத் திடலைப் பார்த்தபடியே வைத்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினார். போட்டியை நடத்திய கோச் வந்து தோட்டாக்களை எடுத்த பிறகுதான் திறப்புக்குள் எட்டிப் பார்த்தார். கட்டைவிரலை விட்டு எதையோ வழித்தார். பேண்டில் தேய்த்துக்கொண்டார். மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. புதுப் பேண்டு.

அங்கே ஒரு விதி உண்டு. துப்பாக்கியோ தோட்டாவோ தானாகக் கெட்டால் மறுபடி சுடலாம். ஆள் பேரில் தப்பு என்றால் போனது போனதுதான். கோச் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"நான் சரியாத் துடைக்கல சார்," என்றார் மாமா.

குக்கர் தாணேக்காரருக்குப் போனது. நான் அழுதேன். அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ஏல, பொண்ணு வீட்டுக்காரவ நிக்காவ. தோட்டா சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"விடு அக்கா, எந் தப்புதான்."

பெண்ணின் அப்பா கிட்டே வந்தார். "துடைக்கதுதான் ஒங்க வேலை?"

"ஆமா."

"அப்ப வேலைல கோட்டை விட்டுட்டிய."

"ஆமா."

பெண் மட்டும் மாமாவின் பேண்டைப் பார்த்தாள், அம்மாவின் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோற்றுப்போன மனுசரைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று திரும்பும் ரயிலிலேயே அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

நாலு நாள் கழித்துப் பெண்ணின் அப்பாவே வீடு தேடி வந்தார். "எம் மவதான் ஒரே பிடியா நிக்கா. கட்டுனா இவரைத்தான் கட்டுவாளாம். என்னத்தச் சொல்ல?" என்றார். சொல்லும்போது கோபமாக இல்லை. அம்மா அவருக்கு இரண்டு தடவை காபி போட்டாள்.

அந்தத் தையில் கல்யாணம். அவள் எனக்கு அத்தையானாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு மிக்சியைப் பார்த்துப் போனாள். அத்தை ஓடிவந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"மதினி, நீங்க குங்குமத்த வைங்க. சந்தனம் நான் வைக்கேன்."

"பொறுப்பான பிள்ள," என்று அம்மா பூரித்துப் போனாள். "தம்பி, பாத்துக்கோ. அன்னைக்கு நீ மட்டும் ஒழுங்காத் துடைச்சிருந்தா குக்கரும் வந்திருக்கும், இவளும் வந்திருப்பா."

அத்தை மிக்சியின் தலையில், ஓட்டை எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, கடுகளவு பொட்டு வைத்தாள். மாமா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. அப்படி என்னதான் ஜோக் போட்டிருக்கிறான் என்று நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வெங்காய விலை ஏறிய செய்திதான் இருந்தது.