மில் கஞ்சி மாவில் செய்த லோஷன்

மில்லில் வேலை பார்த்த கணவர் இறந்தபின் சிங்காநல்லூரில் தனியாக இருக்கிறேன். பனியில் முகம் வெடித்ததால் கிளிசரினும் பன்னீரும் கலந்தேன், தண்ணீராக ஓடியது. மில்லில் நூலுக்குப் போடும் கஞ்சி மாவை, என் சேலைகளுக்காக அவர் கொண்டுவந்து வைத்திருந்தார். கிழங்கு மாவுதானே என்று அதைக் காய்ச்சிச் சேர்த்துப் பூசினேன்.

விடிந்தபோது முகம் வீங்கி, கண் திறக்கவில்லை. இரண்டு நாள் கதவைத் தட்ட ஆளில்லை. மூன்றாம் நாள் குழாயடியில் பக்கத்து வீட்டு பாத்திமா பதறினார்: "ஏனுங்கக்கா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதுங்களா?"

"நூல்ல பூசணம் புடிக்காம இருக்க மருந்து கலந்த மாவுங்கம்மா அது. கண்ணு தப்பிச்சதே பெரிசுங்க" என்றார் பாத்திமா கூட்டிப்போன டாக்டர்.

இப்போது ஜவ்வரிசியைத்தான் அவ்வப்போது காய்ச்சிச் சேர்க்கிறேன்; முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்க்கிறேன். எப்போதும் இருவருக்குச் செய்கிறேன். பாத்திமாவின் கதவைத் தட்ட ஒரு காரணம் வேண்டுமே.