மஞ்சள் பனியனும் வெர்னெலின் பஸ்ஸும்

எங்கள் பள்ளிக்கூடத்தை உயர்த்துவதற்கென்று வந்து போனவர்களை வரிசையாக நிற்க வைத்தால் கால்பந்து மைதானம் போதாது. ஆளுக்கு ஒரு கலர் சார்ட்டைக் கொண்டுவந்தார்கள், ஆளுக்கு ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள், மத்தியானம் எங்கள் ஊர்க் கெளுத்தி மீன் வறுவலை ஒரு கட்டு கட்டிவிட்டுக் கிளம்பினார்கள். பிள்ளைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மிசிசிப்பி டெல்டாவில் பருத்திக் காட்டுக்கும் மீன் குட்டைகளுக்கும் நடுவே, ஆறு முதல் எட்டு வரை வகுப்புகள் உள்ள பள்ளி. எல்லாப் பிள்ளைக்கும் இலவசச் சாப்பாடு. யார் ஏழை என்று தனித்தனியாகக் கேட்கிற வேலையையே ஆபீஸில் விட்டுவிட்டார்கள்.

நான் அங்கே அறிவியல் டீச்சர். எதிர் அறை வெர்னெல் டாக்கின்ஸுடையது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் பாட ஆரம்பித்தால் பியானோக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அப்படி ஒரு தொண்டை. வாத்தியார் சம்பளம் மட்டும் வைத்துக் குடும்பம் ஓட்ட முடியாத ஊர் என்பதால், காலையில் பள்ளி பஸ்ஸையும் ஓட்டினாள். என் கார் அந்த வருஷம் பூராவும் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. அதனால் நானும் அந்த பஸ்தான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று சொல்ல எங்கள் பள்ளியில் யாருக்கும் வாய் வராது. 'கவனச் சிதறல்' என்பார்கள், 'ஆர்வக் குறைவு' என்பார்கள், 'வீட்டுச் சூழ்நிலை' என்று சொல்லி உச்சுக் கொட்டுவார்கள். வெர்னெல்தான் போட்டு உடைத்தாள். "இதுங்களுக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது. யாரும் சொல்லிக் குடுக்கல. அவ்வளவுதான் விஷயம்." கடைசி வரிசைப் பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்து, காலை முதல் பீரியடில் உட்கார வைத்து, எழுத்தின் ஒலியிலிருந்து ஆரம்பித்தாள்.

அதில் ஒருவன் கெட்ரிக். இரண்டு தடவை ஃபெயிலாகி, மீசை முளைத்தவன். மூன்றாம் தடவையும் ஃபெயிலானால் அண்ணன் வேலை செய்கிற மீன் பண்ணைக்கே போய்விடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனைக் கரையேற்றுவதுதான் அந்த வருஷம் வெர்னெலின் ஒரே பிடிவாதம். அவனோ புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றான்.

"இது பாப்பாங்க புக்கு மேம். நான் ஷேவ் பண்றவன்."

"ஷேவ் பண்ணினா வாசிக்க வந்துருமாடா? பிளேடு கவர்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு பாப்போம்."

வகுப்பே சிரித்தது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வெர்னெலுக்கு முகம் செத்துவிட்டது. தான் சொன்னது தப்பு என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துபோனது.

அடுத்த மாதமே அந்த பீரியடும் போயிற்று. பிடுங்கியவர் எங்கள் பிரின்சிபால் டாக்டர் ஹோலோவே. ஊசி போடத் தெரியாத டாக்டர். பட்டம் வாங்கிவிட்டாராம், அதனால் சாப்பாட்டு அறையில்கூட 'டாக்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். நகரத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் அவர் காதில் ஓதிவிட்டார்: பரீட்சையில் பாஸ் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற பிள்ளைகளை மட்டும் பிடித்துத் தள்ளு, மாநிலத் தரப்பட்டியலில் பள்ளி தானாக மேலே ஏறிவிடும்.

"உங்க புள்ளைங்க கோட்டைத் தாண்டப் போறதில்ல, மிஸ் டாக்கின்ஸ். அங்க போடற நேரம் வேஸ்ட்டு" என்றார் ஹோலோவே. பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"அப்ப அதுங்கள என்ன பண்றது?"

"அமைதியா உக்கார வச்சுக்குங்க."

"ஆஸ்பத்திரில எந்த டாக்டரும் இப்படிப் பேசினா உதை விழும், டாக்டர். சீக்கு முத்திப் போச்சு, மருந்து வேஸ்ட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். அவருக்கு எதுவும் உறைக்காது.

ஒரு வாரம் போயிற்று. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை, வெர்னெல் பஸ்ஸை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். எங்கள் பஸ்ஸில் கெட்ரிக் முதலான அந்தக் கடைசி வரிசைப் பெரிய பிள்ளைகளோடு பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பொடிசுகளும் ஏறும். கூச்சல் காதைப் பிய்க்கும்.

"இதுங்க கத்தற கத்துல என்னால வண்டி ஓட்ட முடியல. இன்னிலேர்ந்து ஒவ்வொரு பெரிசு பக்கத்துலயும் ஒரு பொடிசு. கதை படிச்சுக் காட்டி வாய மூட வைக்கணும். மாட்டேங்கிறவன் நடந்து வரலாம்."

யாருக்கு என்ன புத்தகம் என்று அவளே முந்தின நாள் சாயங்காலம் கொடுத்துவிடுவாள். எல்லாம் பாப்பா புத்தகங்கள்தான். ஆனால் இப்போது அது பெரியவன் செய்கிற வேலையாகிவிட்டது, கேலி பேச ஆளில்லை. ஐந்து வயசுப் பிள்ளை முன்னால் திக்கித் தடுமாற எவனுக்கும் மனசு வராது. அதனால் ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ் குலுங்கக் குலுங்கப் பருத்திக் காட்டைத் தாண்டுகிற அந்த ஒரு மணி நேரம் முழுக்க வாசிப்புச் சத்தம். வெர்னெல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் பார்த்துக் கத்துவாள். "கெட்ரிக்! வார்த்தைய முழுங்காத, வெளிய துப்பு!"

கெட்ரிக்குக்கு வாய்த்தது ஒரு சிடுமூஞ்சிப் பொடிசு. ஊரே அவளைப் 'பீனட்' என்று கூப்பிடும். வேர்க்கடலை அளவுதான் இருப்பாள்.

"நேத்து ஓநாய்க்கு வேற குரல் வச்ச. இன்னிக்கு என்ன, ஓநாய்க்குச் சளியா?"

"சும்மா கேளு. இல்லேன்னா ஜன்னல் வழியா போட்டுருவேன்."

"மேம்! இவன் ஒரு பக்கம் தாண்டிட்டான்!"

அவன் திரும்பிப் போய் அந்தப் பக்கத்தை வாசிப்பான்.

பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளி ஜிம்மில் உற்சாகக் கூட்டம். பேண்டு அடித்தார்கள், பெண் பிள்ளைகள் குட்டிக்கரணம் போட்டார்கள். பள்ளி மேலே ஏறினால் எல்லோர் முன்னாலும் ஒரு பன்றிக்கு முத்தம் கொடுப்பேன் என்று ஹோலோவே சத்தியம் செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கு மட்டும் 'நீதான் எங்கள் நம்பிக்கை' என்று அச்சடித்த மஞ்சள் பனியன் கொடுத்து, மேடையில் ஏற்றிக் கைதட்ட வைத்தார். மீதிப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். இப்படி ஒரு மடத்தனத்தை யோசிக்கப் பெரிய படிப்பு படித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பஸ்ஸில் கெட்ரிக் புத்தகத்தைத் திறக்கவில்லை. "நாங்க எண்ணிக்கையிலயே இல்லையாம் மேம். நேத்து பாத்தீங்கல்ல."

"பாத்தேன். அந்தாளுக்காகவாடா நீ வாசிக்கக் கத்துக்கிட்ட?"

"இல்ல."

"அப்ப போய் எழுது. கண்ண மூடிக்கிட்டு விடைத்தாள்ல வட்டம் போட்டுட்டுத் தூங்கினேன்னு கேள்விப்பட்டேன், தோல உரிச்சிருவேன்."

பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நான்தான். மற்ற வருஷங்களில் கால் மணி நேரத்தில் தலையைக் கவிழ்த்துவிடுகிற கெட்ரிக், மணி அடிக்கிறவரை உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தான்.

கோடையில் முடிவு வந்தது. பள்ளி ஒரு படி ஏறியிருந்தது. மாநிலத்துக் கணக்கில் யார் பாஸ் என்பது மட்டுமில்லை, போன வருஷத்தைவிட எவ்வளவு ஏறினார்கள் என்பதும் உண்டு. மஞ்சள் பனியன்கள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தன. ஏறியது பஸ் பிள்ளைகள்தான். ஹோலோவே பன்றியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார், பேப்பரில் படம் வந்தது. வெற்றிக்குக் காரணம் பனியன் என்றார். பக்கத்து ஊர்ப் பள்ளிகளெல்லாம் பனியன் எங்கே அச்சடித்தது என்று விசாரித்தார்கள். தலையில் அடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை.

எல்லோரையும்விட அதிகம் ஏறியவன் கெட்ரிக். ஆனாலும் பாஸ் கோட்டுக்கு அவனுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. மறுபடியும் அதே எட்டாம் வகுப்பு. வெர்னெல் ஆபீஸுக்குள் புகுந்த வேகத்தில் கதவு சுவரில் இடித்தது.

"அவன் ஏறினதாலதான் உங்க ஸ்கூல் பாஸ். அவன் மட்டும் ஃபெயிலா?"

"விதி அப்படி, மிஸ் டாக்கின்ஸ். என் கையில எதுவும் இல்ல."

"பன்னியக் கட்டிப்பிடிக்க மட்டும் கை இருந்துச்சோ?"

அதற்கும் அவர் சிரித்தார்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த அன்று, கெட்ரிக் அவன் வீட்டு வாசலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றான். வெர்னெல் பஸ் கதவைத் திறந்தாள்.

"நான் வரல மேம். பண்ணைல சேந்துட்டேன். குட்டைக்கு நடந்து போய்க்கிட்டிருக்கேன்."

வெர்னெல் ரோட்டையே பார்த்தாள். கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. "குட்டை என் வழிலதான இருக்கு. ஏறு" என்றாள். பள்ளிப் பிள்ளை இல்லாதவனை ஏற்றக் கூடாது என்பது விதி. அதை அவளுக்கு நினைவுபடுத்த நான் என்ன ஹோலோவேயா?

பீனட் நகர்ந்து இடம் விட்டு, புத்தகத்தை அவன் மடியில் போட்டாள். அவன் வாசித்தான். பண்ணை கேட் வந்ததும் எழுந்தான்.

"முடிச்சிட்டுப் போ" என்றாள் பீனட்.

வெர்னெல் இன்ஜினை அணைத்தாள். பஸ்ஸே வாயை மூடிக்கொண்டு கேட்டது. அவன் கடைசி வரிவரை வாசித்து, புத்தகத்தை மூடி பீனட்டிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

முதல் மணி அடித்த பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஹோலோவே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியபடி வாசலிலேயே நின்றார். முதல் நாளே தாமதம், என்ன காரணம் என்று கேட்டார்.

"ஒரு புள்ள வாசிச்சுக்கிட்டிருந்தான், டாக்டர்" என்றாள் வெர்னெல்.

மறுநாள் காலையில் அவளுக்கு மெமோ வந்தது.