முயல், எண் 731

எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் அவர் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார். மின்கட்டணச் சீட்டு, மருந்துக்கடை பில், கல்யாணப் பத்திரிகை, மருத்துவர் கிறுக்கிக் கொடுத்த தாள், எதுவானாலும் முன்பக்கம் அவருக்கு இரண்டாம் பட்சம். "முன்பக்கம் நமக்குக் காட்டறதுக்காக எழுதினது. பின்பக்கம்தான் உள்ளதைச் சொல்லும்," என்பார். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயரைத் தவிர இதுவரை எதுவும் அகப்பட்டதில்லை. அந்தப் பெயர்களையும் குறித்து வைத்திருக்கிறார்.

தெருவில் அவருக்கு 'நகல் சார்' என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை ஏணி இரவல் கேட்டபோது, "ஏணி ஒன்று, படிகள் பதினொன்று, ஏழாவது படி லேசாக ஆடும்" என்று இரண்டு நகல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். திரும்பி வந்தபோது ஏழாவது படி ஆடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் ஆணி அடித்திருந்தார். பொருளின் நிலை மாற்றப்பட்டது குறித்து அவருக்கு ஒரு கடிதம் போயிற்று.

தராசு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். "நம்பர் போடாத சாமான், இல்லாத சாமான்" என்பது அங்கே அவர் வகுத்த சட்டம். தொழிற்சாலைக்கு வரும் உறைகளிலிருந்து தபால்தலைகளை நனைத்துப் பிரித்துச் சேர்க்கத் தொடங்கியபோது அதே சட்டம் வீட்டுக்கும் வந்தது. அந்தக் கலையை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓர் அகராதி, ஓர் உருப்பெருக்கி, தளராத சந்தேகம், இவை மூன்றும்தான் ஆசிரியர்கள். தபால்தலை ஓரத்துப் பற்களை எண்ண ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. மனைவியின் முழங்கால் எக்ஸ்ரே படத்தில் ஒரு மூலையை வெட்டித் தானே செய்துகொண்டார். அடுத்த முறை மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இந்தப் பக்கம் இருந்த எலும்பு எங்கேம்மா?" என்று கேட்டது தனிக் கதை.

நான்கு ஆல்பங்கள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு தபால்தலைகள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், அழியாத கறுப்பு மையில், கடுகளவு எழுத்தில், வரிசை எண்ணும் அவருடைய சுருக்கொப்பமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலையில் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும்.

இரண்டாம் ஆல்பத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. எண் 731.

அதில் இருந்தது ஒரு முக்கோணத் தபால்தலை. பச்சைப் புல்லில் ஒரு முயல். அச்சுப் பிழையால் அந்த முயலுக்குக் கால் மூன்றுதான். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டுப் போனான். அன்று மாலை சரிபார்ப்பில் முயலைக் காணோம். வேறு யாரும் வீட்டுக்கு வரவில்லை. கணக்கு எளிதாக முடிந்தது.

நிரூபிப்பதுதான் முடியவில்லை. தமிழ் பேசும் ஊரில் ஒரு மனிதன் தன் முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்தால் கேட்பவர் என்ன செய்வார் என்பதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. காவல் நிலையத்தில், "காணாமல் போன பொருள்: முயல். கால்கள்: மூன்று" என்ற புகாரைப் படித்த ஏட்டு பேனாவை மூடிவிட்டார்.

"வீட்ல ஏதாவது பேச்சுவார்த்தையா சார்?"

"திருட்டு சார்."

"சரி சார். மூணு காலுன்னே வச்சுக்கலாம். நீங்களும் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போங்க."

தபால் துறைக்கு எழுதினார். அப்படியொரு பிழை பதிவாகவில்லை என்று பதில் வந்தது. மைத்துனனுக்கு நாற்பத்தொரு கடிதங்கள் எழுதினார். அவன் ஒரே ஒரு முறை தொலைபேசியில், "அத்தான், அப்படி ஒரு முயலே கிடையாது, உங்களுக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் முயல் படம் போட்ட வாழ்த்து அட்டை அனுப்புகிறான். அடியில், 'எண்ணிப் பாருங்கள், நாலு கால்' என்று எழுதியிருக்கும். இருபத்தாறு அட்டைகளும் 'மறைமுக ஒப்புதல்கள்' என்ற கோப்பில் இருக்கின்றன. இருவருக்கும் பேச்சில்லை.

மனைவியோ இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை. ரொம்பவும் நெருக்கினால், "உங்க முயல், நீங்களே எண்ணிக்குங்க," என்பார்.

அந்த மனைவிக்கு இப்போது மாடிப்படி ஆகவில்லை. மூன்றாம் மாடி வீட்டை விட்டுத் தரைத்தளத்தில் ஒரு சிறிய வீட்டுக்குப் போகிறார்கள். கோப்புகளா, தபால்தலைகளா, ஒன்றுக்குத்தான் இடம் என்று மனைவி தீர்ப்பளித்துவிட்டார். மூன்று நாள் யோசித்துத் தபால்தலைகளை விற்க ஒப்புக்கொண்டார் நகல் சார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். வாங்குபவர் எழுத்து மூலமாக மதிப்பிட்டுத் தர வேண்டும். அதில் எண் 731 என்று ஒரு முயல் இருந்தது, அதற்குக் கால் மூன்று என்பதும் பதிவாக வேண்டும். விலை கூடலாம், குறையலாம். முயல் இருந்தது என்று ஊரில் ஒருவராவது முத்திரை குத்திச் சொல்ல வேண்டும்.

தபால்தலை வாங்கும் முதல் கடைக்காரர் நாலைந்து தபால்தலைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆல்பத்தை மூடி, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். இரண்டாமவர் ஃபோன் செய்வதாகச் சொன்னார். செய்யவில்லை. மூன்றாவது கடை, கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது.

"அந்தக் கடை வேண்டாங்க. செங்குத்தான படி. என் முழங்கால் தாங்காது," என்றார் மனைவி.

"நீ கீழே நில்லு. நான் போயிட்டு வரேன்."

ஆனால் அன்று அவருக்கு முன்னால் படியேறியது அந்த முழங்கால்தான்.

கடையை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். தகப்பனார் வைத்துவிட்டுப் போன கடை. இடுக்கியால் ஒரு தபால்தலையை எடுத்தார், திருப்பினார். இன்னொன்றை எடுத்தார், திருப்பினார். பத்துப் பன்னிரண்டு ஆனதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு சார் இப்படிப் பின்னாடி எழுதினது?"

"நான்தான்," என்றார் நகல் சார். பாராட்டை ஏற்கத் தயாராக இருக்கும் குரல்.

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு விடலை."

"நல்லா இருந்ததை எல்லாம் உங்க கையாலயே கெடுத்து வச்சிருக்கீங்களே சார். முதுகுல மை பட்டா இதுக்கு ஏது விலை?"

"நம்பர் போடலைன்னா நம்மளதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"நம்மளதுன்னு தெரிஞ்சா போதுமா? வாங்கறவன் அவனோடதுன்னு நினைக்க வேண்டாமா?"

முப்பத்து நான்கு ஆண்டுகளின் சட்டம் அந்த மேசைமீது கிடந்தது. நகல் சார், இழப்பதற்கு இனி ஒன்றுமில்லாதவர் போல, இரண்டாம் ஆல்பத்தைப் பிரித்துக் காலிக் கட்டத்தைக் காட்டினார்.

"விலையை விடுங்க. இங்க ஒரு முயல் இருந்தது. மூணு கால். திருடு போச்சு. அதை மட்டும் எழுதிக் குடுங்க."

இருபத்தாறு ஆண்டுகளில் முதல்முறையாகக் கேட்டவர் சிரிக்கவில்லை. காலிக் கட்டத்தின் எண்ணைப் பார்த்தார் கடைக்கார அம்மாள். எழுந்து போய் உள்ளறையின் கீழ் இழுப்பறையைக் குடைந்தார். கண்ணாடித்தாள் உறை ஒன்றோடு வந்து, உள்ளே இருந்ததை இடுக்கியால் எடுத்து மேசைமீது வைத்தார். பச்சைப் புல். முயல். முன்னால் இரண்டு கால், பின்னால் ஒன்று. திருப்பினார். 731. பக்கத்தில் சுருக்கொப்பம்.

"எந்தப் புண்ணியவான் இதோட முதுகுல எழுதினானோன்னு இத்தனை வருஷமா திட்டிட்டு இருக்கேன். மூணு காலுன்னு ஆசையா எடுப்பாங்க, திருப்பிப் பாத்ததும் வச்சுட்டுப் போயிடுவாங்க. எங்கப்பா எதையும் திருப்பிப் பாக்காம வாங்க மாட்டார். இது ஒண்ணைத்தான் பாக்காம நல்ல விலை குடுத்துட்டார்."

"யார் கொண்டுவந்து வித்தது?" நகல் சார் மேசைமீது குனிந்தார். "உயரமா, சிரிச்ச முகமா, ஒரு ஆளு..."

"ஆளு இல்ல சார். ஒரு அம்மா. நான் அப்ப கல்லால உக்காந்திருந்தேன். வீட்ல பேப்பர் வைக்க பீரோ வாங்கணும், சாப்பாட்டு மேஜை முழுக்கப் பேப்பர், மூணு வருஷமா தட்டை மடியில வச்சுத்தான் சாப்பிடறோம்னு சொன்னாங்க." சொல்லிக்கொண்டே மனைவியின் பக்கம் பார்த்தவர், சட்டென்று உறைக்குள் கையை விட்டுத் துழாவத் தொடங்கினார். மனைவி, சுவரில் தொங்கிய உருப்பெருக்கிகளின் விலைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"முகம் ஞாபகம் இருக்கா?" என்றார் நகல் சார்.

"இருபத்தாறு வருஷம் ஆச்சு சார். எத்தனையோ அம்மா வராங்க." உறையிலிருந்து பழுப்பேறிய சீட்டொன்றை எடுத்து நீட்டினார். "அப்பாவோட கொள்முதல் சீட்டு. வித்தவங்க கையெழுத்து பின்னாடி இருக்கும்."

அவர் வாங்கினார். முக்கோணத் தபால்தலை ஒன்று, முயல், கால் மூன்று. கீழே தேதி. அது ஒரு சனிக்கிழமை. மைத்துனன் சாப்பிட வந்தது ஞாயிற்றுக்கிழமை. நான்கு இழுப்பறை வைத்த பச்சை இரும்பு பீரோ, ஏலச்சீட்டு விழுந்த பணத்தில் வாங்கியதாக மனைவி சொன்னது, வீட்டுக்கு வந்தது திங்கட்கிழமை. மூன்றுக்கும் அவரிடம் ஆவணம் உண்டு. அந்த பீரோவில் அவர் முதன்முதலாக வைத்த கோப்பு, முயல் திருட்டுக் கோப்பு.

கடைக்கார அம்மாள் பேச்சை மாற்றினார். தனித்தனியாக இவை விலை போகாது. நான்கு ஆல்பமும் எண் மாறாமல் ஒன்றாக இருந்தால், ஒரு மனுஷன் விடாமல் செய்த வேலை என்பதற்காகவே யாராவது வாங்கக்கூடும். தாம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விலையை நகல் சார் பேரம் பேசவில்லை. மதிப்பீட்டுத் தாளில் கடைசி வரியாக, 'எண் 731, முயல், கால் மூன்று, நேரில் காணப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார் அந்த அம்மாள். நகல் சார் முயலைத் தம் கையால் அதன் கட்டத்தில் வைத்தார்.

"தம்பிக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றார் மனைவி, உருப்பெருக்கிகளிடமிருந்து திரும்பாமலே.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லப் போறேன்."

மனைவி இப்போது திரும்பினார். கொள்முதல் சீட்டு இன்னும் நகல் சாரின் கையில், முன்பக்கம் மேலாகவே இருந்தது.

"திருப்பிப் பாக்கலையா?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு."

சீட்டைப் பின்பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்தார். பிறகு நான்காக. மனைவியின் கைப்பையைத் திறந்து, மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் அதை வைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார்.