ஹபீபுல்லா பாய் வேண்டாம் என்ற வாசல்

பாயின் மகள் நூர்ஜஹான் கேளம்பாக்கத்திலிருந்து போன் செய்தபோது பட்டறையில் கல் அறுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. விழாவிட்டால் என்ன, அந்த வீட்டிலிருந்து போன் வந்தால் எட்டு வருடமாக நான் சொல்லும் வேடிக்கைப் பதில் ஒன்றுதான். "உங்க வாப்பாவாண்ட சொல்லும்மா, கல்லு இன்னும் வளந்துகினு கீது, அறுப்புக்கு நாளாவும்" என்று கத்தினேன். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, மிஷினை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

நிறுத்தினோம். அந்தச் சத்தம் அடங்கினால் மாமல்லபுரத்தில் கடல் கேட்கும். கடல் கேட்டது. பிறகு அவள், "வாப்பா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுக்கறோம், செங்கல்பட்டுல" என்றாள். நான் முதலில் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செங்கல்பட்டில் உங்களுக்கு அவர் 'பாரிஸ் பாய்'. காலையில் பேப்பரும் பன்னும் வாங்கிக்கொண்டு போகிற, யாரிடமும் அதிகம் பேசாத பெரியவர். என்னிடம் பேசினார். என்னிடம் வாயைக் கொடுத்து யாரும் பேசாமல் தப்ப முடியாது என்பது வேறு விஷயம்.

எட்டு வருடத்துக்கு முன்னால் திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக எங்கள் பட்டறைக்கு வந்தார். கல்லில் எழுத்து வெட்டுவது என் வேலை. பெயர்க் கல் ஒன்று வேண்டும், கல்லறைக்கு, என்றார். சும்மா இருக்க மாட்டேனே நான். "யாருக்கு பாய்? உங்களுக்கேவா? முன்கூட்டியே புக்கிங்கா?" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "எனக்கில்லப்பா. எங்க வாப்பாவுக்கு. இறந்து எழுபது வருஷம் ஆகப்போகுது. கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார்.

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று, அவருக்கு நான் 'ஏகா' ஆகிப்போனேன். நோட்டை எடுத்துப் பெயர் எழுதினேன். எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவேன், கை தானாகப் போடும். அவர் எட்டிப் பார்த்தார். "எங்க வாப்பாவுக்குப் பிள்ளையார் துணையா?"

"தப்பா நெனைக்காதீங்க பாய், அடிச்சிடறேன்."

"இருக்கட்டும், அடிக்காத. அவருக்குத் துணைக்கு அங்க யாரும் இல்ல."

அங்கே என்றால் எங்கே என்று அப்போதுதான் சொன்னார். பாயின் தகப்பனார் காசிம் மரைக்காயர் காரைக்கால்காரர். பிரெஞ்சுக் கப்பலில் கரி அள்ளும் வேலைக்குப் போனவர், நெஞ்சு கெட்டுப்போய்ப் பாரிஸில் இறங்கினார். அந்த ஊரை ஒட்டி, ஒதுக்குப்புறமாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அல்ஜீரியாவும் மொராக்கோவும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், அங்கிருந்து கூலி வேலைக்கு வந்த முஸ்லிம்களுக்கென்றே தனியாகக் கட்டியது. காசிம் மரைக்காயரும் முஸ்லிம்தானே, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அப்போது பாய்க்கு வயது ஏழு.

அந்த ஆஸ்பத்திரி வாசலின் போட்டோ ஒன்றை பாய் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் எத்தனையோ வாசல் பார்த்தவன், எத்தனையோ கோபுரத்துக்குக் கல் கொத்தியவன். வாயைப் பிளந்துவிட்டேன். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே குதிரை லாடம் போல வளைந்த வளைவு. அதைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாக டைல்ஸ் சில்லுகள். மேலே அரபு எழுத்து. ஆஸ்பத்திரி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு சுல்தான் குடியிருக்கிற இடம் என்றால் நம்புவீர்கள்.

"வெள்ளக்காரன் சும்மா சொல்லக் கூடாது பாய், இன்னா அழகா கட்டிக்கிறான்!"

"வாசலை மட்டும் கட்டினான்" என்றார் பாய். "உள்ள போனா வெறும் செங்கல்லு. வரிசை வரிசையா வார்டு."

"எங்க கோயிலும் அப்பிடித்தான். கோபுரம் வானத்துக்கு நிக்கும், உள்ள சாமி இருட்டுல குந்திகினு இருக்கும்."

"உங்க கோயிலுக்குள்ள போறவன் திரும்பி வருவான்ல."

பேச்சை மாற்ற டீ சொன்னேன்.

தகப்பனார் அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பாய்க்கு அது மனப்பாடம். வாசல் நம் பள்ளிவாசல் போல இருக்கிறது, பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது, இங்கே தொழ இடம் உண்டு, சாப்பாடு ஹலால், கவலைப்பட வேண்டாம். கடைசியில் ஒரு வரி: பேசத்தான் ஆள் இல்லை. டாக்டருக்கு பிரெஞ்சு, பக்கத்துக் கட்டிலுக்கு அரபு. "வாப்பாவுக்கு அரபு ஓதத் தெரியும், பேசத் தெரியாது. வலிக்குதுன்னு ஓதியா காட்ட முடியும்?" என்பார் பாய். அடுத்து வந்தது இறந்த செய்தி. எங்கே அடக்கினார்கள் என்று அதில் இல்லை.

பாய் வளர்ந்து பாரிஸுக்கே போய், அதே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தார். ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான செங்கல்பட்டுக்கு வந்தார். தகப்பனாரின் பெயர் ஏதாவது ஒரு இடத்தில், மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை. அதை என் கையில் கொடுத்தார். நான் செய்த லட்சணத்தைக் கேளுங்கள்.

வேறு எதுவும் வேண்டாம், பெயரும் ஊரும் மட்டும் போதும் என்றுதான் சொன்னார். கறுப்புக் கல்லில் 'காசிம் மரைக்காயர், காரைக்கால்' என்று தமிழில் வெட்டினேன். கீழே அதையே பிரெஞ்சு எழுத்தில், அவர் எழுதித் தந்ததைப் பார்த்து வெட்டினேன். முடிந்தது. ஆனால் மேலே ஒரு முழம் கல் வெறுமையாக நின்றது. எங்கள் ஊர்க்காரன் கை வெறுங்கல்லைப் பார்த்தால் சும்மா இருக்காது. ஒரு பொம்மை செய்தால்கூட அதைச் சுற்றி ஒரு மாடம், மேலே ஒரு தோரணம் வைத்தால்தான் மரியாதை என்று பழகியவர்கள் நாங்கள். வாசல் இல்லாத சாமி உண்டா? அன்று பார்க்க வாங்கி, இன்னும் திருப்பிக் கொடுக்காத போட்டோ என்னிடம்தான் இருந்தது. பாய்க்குத் தெரியாமல் ஒரு மாதம் உட்கார்ந்து அந்த வாசலை அப்படியே கொத்தினேன். வளைவு, சில்லுக் கட்டம், மேலே அரபு எழுத்தின் கோடு, ஒன்று விடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நுணுக்கமாக எதையும் செய்ததில்லை.

அவர் வந்த அன்று நாற்காலி போட்டு, கையில் டீயைக் கொடுத்து, "கண்ணை மூடுங்க பாய்" என்று சொல்லிவிட்டுச் சாக்கை இழுத்தேன்.

பார்த்தார். டீ ஆறிப்போயிற்று.

"எங்க வாப்பாவை மறுபடியும் உள்ள போட்டுட்டியே, ஏகா" என்றார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். அந்தக் காலத்தில் முஸ்லிம் என்றால் நகரத்து ஆஸ்பத்திரிகளில் சேர்க்காமல் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்களாம். வேலை தேடி வந்தவர்களைக் கண்காணிக்கிற போலீஸ்காரர்கள்தான் ஆஸ்பத்திரி விஷயத்தையும் பார்த்தார்களாம். அவருடன் துணி வெளுத்த பழைய அல்ஜீரியாக்காரர் சொன்னது. "அழகா ஒரு வாசல் வெச்சா உள்ள வர்றவன் சந்தோஷமா வருவான். எங்க வாப்பா சந்தோஷமா உள்ள போனாரு, ஏகா. அதுதான் என்னால தாங்க முடியல. முப்பது வருஷம் வேலை பார்த்தேன், ஒரு நாள் அந்த வாசல் வழியா நுழைஞ்சதில்ல. பின்பக்கமா, அழுக்குத் துணி வண்டியோடதான் போவேன்."

பட்டறையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னோடு கல் கொத்துகிற, எப்போதும் வாயடிக்கிற செல்வம்கூட, "அண்ணாத்த, அரைச்சு எடுத்துடலாம், இன்னா இப்போ" என்று மட்டும் சொன்னான். அரைத்து எடுத்தேன். கல் முழுவதையும் ஒரு விரல்கடை இறக்கினேன். பெயரும் அதோடு போயிற்று. மறுபடி பாலிஷ் ஏற்றி, மறுபடி பெயர் வெட்டினேன். இந்த முறை மேலே எதுவும் இல்லை. பாய் வந்து பார்த்து, வெறும் இடத்தைக் கையால் தடவி, "இப்ப சரி. வெளியில நிக்கறாரு" என்றார்.

ஒருமுறை அவருக்குக் கால் வீங்கியபோது செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். துருப்பிடித்த இரும்பு கேட். பக்கத்தில் டீக்கடை. மரத்தடியில் கோரைப்பாயும் பாத்திரமுமாகச் சனம். உள்ளே ஒரு அம்மா நர்ஸிடம் கத்திக்கொண்டிருந்தாள்: "வலிக்குதுன்னு சொல்றேன், சும்மா குந்து குந்துன்றியே, உனக்கு இன்னா கல்லு மனசா?" நர்ஸும் திருப்பிக் கத்தினாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. "பாரிஸ்ல இப்பிடி இருக்காது இல்ல பாய்?" என்றேன். அவர் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குதுன்னு சொல்றா பாரு. சொன்னா புரியுது பாரு" என்றார். திரும்பும்போது கேட்டைக் காட்டி, "அழகே இல்ல. நல்ல வாசல்" என்றார்.

கல் தயாராகி என்ன பயன்? பாரிஸில் கொண்டுபோய் வைக்க எந்தக் குழி என்று தெரிய வேண்டுமே. ஆஸ்பத்திரியில் இறந்த முஸ்லிம்களுக்கென்று தனியாக ஒரு அடக்கஸ்தலம் உண்டு. அங்கே நூர்ஜஹான் கடிதம் எழுதினாள். ஒரு வருடம் கழித்துப் பதில் வந்தது. பாய் அதைப் பட்டறைக்கே கொண்டுவந்து, பிரெஞ்சில் ஒரு வரி படித்து, தமிழில் ஒரு வரி சொன்னார். அந்தப் பெயரில் யாரும் பதிவில் இல்லை. அந்த நாளில் வாயால் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். பழைய குழிகள் பலவற்றைத் தோண்டி, எலும்புகளை ஒன்றாகப் புதைத்துவிட்டார்கள். மிகவும் வருந்துகிறோம்.

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். முடியாமல், கடிதத்தை வாங்கி மடித்துக் கொடுத்தேன்.

"விடு. எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வரிசை வரிசையா நடந்து கல்லறைப் பேரெல்லாம் படிச்சவன் நான். இல்ல" என்றார் பாய்.

"தெரிஞ்சுதான் கல்லு கேட்டீங்களா?"

"எழுதிக் கேட்டா வேற பதில் வருமான்னு பார்த்தேன்."

செங்கல்பட்டில் அடக்கஸ்தலத்திலாவது வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். ஆளை அடக்காத இடத்தில் கல் நட வழியில்லை என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல் என் பட்டறையிலேயே நின்றுவிட்டது. ஓட்டல்களுக்குப் போக வேண்டிய புத்தர்களுக்கும் நந்திக்கும் நடுவில். மாதம் ஒருமுறை பாய் பஸ் ஏறி வந்து அதன் எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவார். ஒரு நாள் சிலை வாங்க வந்தவர் அந்தக் கல்லைக் காட்டி, "இது எந்த சாமி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாயே சொல்லிவிட்டார்: "கப்பல்ல கரி அள்ளின சாமி."

அடக்கம் முடிந்து திரும்பும்போது நூர்ஜஹானிடம், பாய்க்கு ஒரு கல் வெட்டட்டுமா, காசு கீசு எதுவும் வேண்டாம், என்றேன். தலையை ஆட்டினாள். "வேணாம்னு சொல்லிட்டாங்கண்ணே. எங்க இருக்கேன்னு உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு எதுக்கு கல்லுன்னாங்க." காசிம் மரைக்காயர் கல்லை என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரிடம் நான் மறைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. கறுப்புக் கல்லில் உளி பட்டால் காயம் மேலோடு நிற்காது, உள்ளே இறங்கிவிடும். மேலே எவ்வளவு அரைத்தாலும் அடியில் வெள்ளைத் தழும்பு இருக்கும். காய்ந்திருக்கும்போது தெரியாது, தண்ணீர் பட்டால் தெரியும். பாய் வருகிற நாளில் மட்டும் அந்தப் பக்கம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வேன். மழை நாளில் வந்துவிட்டால் சாக்கைப் போட்டு மூடி, ஏதாவது கதை சொல்லி டீக்கடைக்கு இழுத்துப் போய்விடுவேன். நான் பேசிய பேச்சில் பாதி அதற்காகத்தான். இன்னும் அரைக்கலாம் என்றால் கல் மெலிந்துவிட்டது, தாங்காது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் கல்லும், நோட்டில் அவர் அடிக்க வேண்டாம் என்ற பிள்ளையார் சுழியும், அதற்குக் கீழே அந்தப் பெயரும்தான். தினமும் காலையில் தூசி அடங்கப் பட்டறையில் தண்ணீர் தெளிக்கிறோம். கல் நனைகிறது. பெயருக்கு மேலே அந்த வாசல் வந்து நிற்கிறது, வளைவும் சில்லுக் கட்டமுமாக, நான் கொத்தியது கொத்தியபடி. தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் துடைக்கிறேன். காய்ந்ததும் போய்விடுகிறது. பெயர் மட்டும் வெளியில் நிற்கிறது, மறுநாள் தண்ணீர் தெளிக்கிற வரைக்கும்.