யாரும் பறிக்காத பூ

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சிக்னலில் வேலை பார்த்தார். ஒடிசலான மனிதர், சட்டையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாடை.

விடியுமுன் பூஜைக்காக யார் வீட்டுப் பூவையும் பறிப்பது எங்கள் லைனில் வழக்கம். அதை யாரும் திருட்டு என்பதில்லை. அவர் இரவு வேலை முடிந்து வருவதற்குள் அவருடைய செம்பருத்தி மொட்டையாகிவிடும். ஒருநாள் அதைப் பிடுங்கிவிட்டு, துரை பங்களாவில் வாங்கிய சீமை விதையைப் போட்டார். சீமையில் அது கோடைப் பூவாம். கோடையே தனியாக இல்லாத எங்கள் ஊரிலும் பூத்தது. ஊதா இதழ்கள் கீழே தொங்க, நடுவில் முள்முள்ளாய் ஒரு கூம்பு, வாசனை கிடையாது. தினமும் அதன் முன்னால் குந்தி, கோப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே, சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. இதைப் போய் வளர்க்கிறீங்களே?" என்றேன்.

"அதுக்குத்தாம்மா வளர்க்கிறேன். செடியிலேயே இருக்கும்ல."

ஒரு காலை அந்தச் செடியும் மொட்டையாக நின்றது. பூவெல்லாம் தெருமுனைப் பிள்ளையார் தலையில் இருந்தது. அவர் யாரையும் கேட்கவில்லை. கோப்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையாருக்கு எதிரே குந்தினார்.

மனுஷனுக்குப் பக்தி வந்துவிட்டது என்றார்கள். அவர் பார்த்தது பிள்ளையாரையா பூவையா என்று எனக்கு இன்றும் தெரியாது.