மாத்தாளின் நாற்காலி

வீட்டு நாற்காலியில்கூட அவர் முதுகைச் சாய்ப்பதில்லை. கோட்டு கசங்கிவிடுமாம். உடம்பில் இருப்பது சாயம் போன சட்டைதான் என்று மகள் எத்தனை முறை சொன்னாலும் இருபது வருடப் பழக்கம் விடுவதாக இல்லை.

படப்பிடிப்புக் கூடத்தில் எல்லாருக்கும் அவர் 'மாத்தாள்'. கதாநாயகரின் அதே உயரம், அதே தொப்பை. விளக்குகளைச் சரிசெய்து முடிக்கும்வரை நாயகரின் கோட்டைப் போட்டுக்கொண்டு நாயகரின் இடத்தில் உட்கார்ந்திருப்பார். நாயகர் வந்ததும் எழுந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். படத்தில் அவர் நிழல்கூட விழாது.

இந்த முறை பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகம் ஒன்றைப் படமாக்குகிறார்கள். காசு சேர்ந்த துணி வியாபாரி ஒருவர் பிரபுவாக ஆசைப்பட்டு, நடை பழக ஒரு வாத்தியார், பேச்சுப் பழக ஒரு வாத்தியார் என்று வைத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஏமாறும் கதை. மாத்தாளுக்கு அதில் சிரிப்பே வருவதில்லை. "பாவம்ப்பா அந்தாளு. நாலு பேரு மதிக்கணும்னு நெனச்சது ஒரு குத்தமா?" என்பார் விளக்குக்காரரிடம்.

அவருடைய இரக்கத்துக்குக் காரணம் உண்டு. மகளுக்கு நல்ல இடம் ஒன்று கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா தொழிலை விசாரித்தபோது, வாய் சும்மா இருக்காமல், "நடிக்கிறேங்க. இப்ப ஒரு பெரிய படத்துல பிரபு வேஷம்" என்று அளந்துவிட்டார்.

"எதுக்குப்பா இந்தப் பொய்? தெரிஞ்சா என்னை ஏத்துக்குவாங்களா?" என்று மகள் அழுதாள்.

"கல்யாணம் முடியட்டும்மா. மெதுவா சொல்லிக்கலாம்."

மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுக்கவில்லை. யாரையோ சிபாரிசு பிடித்து, மாத்தாளின் மகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு காலையில் படப்பிடிப்பு பார்க்க வந்து நின்றார்கள். மாத்தாள் அப்போது தங்க நிற நாற்காலியில், சரிகைக் கோட்டில், அத்தனை விளக்கும் தன்மேல் விழ உட்கார்ந்திருந்தார்.

"உங்கப்பா ராஜா மாதிரியில்ல இருக்காரு!" என்று வாயைப் பிளந்தார் மாப்பிள்ளையின் அம்மா. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாத்தாள் அவர்களைப் பார்த்து மெல்லக் கையை உயர்த்தினார்.

"மாத்தாள், எந்திரிங்க. சார் வந்துட்டாரு!" உதவி இயக்குநரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

கோட்டு கை மாறியது. அதற்குள்ளிருந்து அக்குளில் கிழிந்த சட்டை வெளியே வந்தது. அந்தச் சட்டையோடு அவர் நின்ற நிலை எதிரிக்கும் வரக்கூடாது.

நாயகர் பொத்தானைப் போட்டபடி வாசல் பக்கம் பார்த்தார். "யாரு, உங்க வீட்டு ஆளுங்களா?"

"இல்ல சார். யாரோ ஷூட்டிங் பாக்க வந்தவங்க."

வாசலில் நின்ற மகளுக்கும் அது கேட்டது. நாயகர் உட்காரப் போனார். மாத்தாள் அவசரமாகக் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தார்.