கட்டிங் மாஸ்டர் பழக்கிய இன்ஜின்

லாரி ஓட்டும் மச்சினனுக்கு அக்கா புருஷன் மேல் ஒரு கறுவல் உண்டு. வருஷக்கணக்கில் செரிக்காத கறுவல். அவன் பெண்டாட்டி முதல் பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றைக்கு, "நான் கார் எடுத்துட்டு வர்றேன், நீ கவலையை விடு" என்று வாக்குக் கொடுத்த மனுஷன் வரவில்லை. பச்சைப்பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாசலில் மழையில் நின்றுகொண்டு போன் போட்டால், அந்தப் பக்கம் ராட்சசக் கொசு மாதிரி ஒரு இரைச்சல். "மாப்ளே, புது இன்ஜின். நடுவுல நிறுத்தக் கூடாது. பாதி டேங்க்தான் மிச்சம்." அந்தப் பாதி டேங்க் மச்சினன் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே சீழ் பிடித்துவிட்டது.

இந்த அக்கா புருஷன் துணி தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாண் உயரத்துக்கு அடுக்கிய துணியை இடது கையால் அமுக்கிப் பிடித்து, வலது கையால் மெஷினைத் தள்ளினால் கோடு இம்மி பிசகாது. "சம்பளம் இடது கைக்குத்தான். வலது கை சும்மா கூட வருது" என்பார். அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்தக் கையால்தான்.

லீவு நாளில் அவர் ஆளே வேறு. பொம்மை ஹெலிகாப்டர் விடுகிறவர்களெல்லாம் புதுசாக வாங்கிய நைட்ரோ இன்ஜினை அவரிடம்தான் பழக்கக் கொடுப்பார்கள். உள்ளங்கை அகல இன்ஜின்தான், ஆனால் ரோஷம் ஜாஸ்தி. ஊசி வால்வைத் தாராளமாகத் திறந்து, எரிபொருளை வயிறு முட்டக் குடிக்க விட்டு, புகை கக்கக் கக்க ஓட்டணும். ஆற விடணும். மறுபடி ஓட்டணும். அப்புறம் ஊசியை மயிரிழை மயிரிழையாக மூடணும். அவசரப்பட்டு மூடினால் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பிஸ்டன் வெந்துபோகும்.

"என்ன மாஸ்டர், கொசுமருந்தா அடிக்கிறீங்க?" என்று மைதானத்தில் கிண்டல் பண்ணுவார்கள்.

"பதறாத காரியம் சிதறாதுப்பா. புதுப் பெண்டாட்டியும் புது இன்ஜினும் ஒண்ணு. வந்த அன்னைக்கே வெரட்டக் கூடாது."

அக்கா காதில் இது விழுந்தபோது, "அப்ப நான் இன்னும் புகைஞ்சுக்கிட்டேதான் இருக்கேன், யாரு கவனிச்சா?" என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகக் கூடப் போகிற ஆள் ஊரில் இல்லை. "தனியா போகாதீங்கன்னா கேக்க மாட்டேங்குறார்டா, நீயாவது கூடப் போயேன்" என்று அக்கா கெஞ்சியதால், மச்சினன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். குடோன்களுக்குப் பின்னால் காய்ந்த புல்தரை. மாஸ்டர் புது இன்ஜின் மாட்டிய ஹெலிகாப்டரைத் தரையில் வைத்துவிட்டு, ரிமோட்டை அவன் கழுத்தில் மாட்டிவிட்டார். "சும்மா நில்லு. எதையும் தொடாதே."

கிளப்புவதற்கு முன்னால் ரிமோட்டில் ஒரு ஸ்விட்சைப் பார்த்து, "பூட்டு" என்று வாய்விட்டுச் சொல்வது அவர் பழக்கம். அது பூட்டில் இருந்தால் இன்ஜின் மெதுவாகத்தான் எழுந்திருக்கும், இறக்கை சுற்றாது. இல்லையென்றால் எடுத்த எடுப்பிலேயே வெறி பிடித்து ஓடும். இறக்கை ஒவ்வொன்றும் கை நீளம், மண்டையைப் பிளக்கும்.

இடது கையால் இறக்கைகள் வந்து சேரும் நடு இரும்பைப் பிடித்து, வலது கையில் இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரோடு அவர் குனிந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் வாயைத் திறந்தான்.

"ஒண்ணு கேக்கணும் மாமா. அன்னைக்கு என் பிள்ளையைவிட உங்களுக்கு இதுதான் பெருசாப் போச்சா?"

மாஸ்டர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். ஸ்விட்சைப் பார்க்கவில்லை. பார்த்தபடியே ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

இன்ஜின் அலறியது. புகை பீறிட்டது. இறக்கை சுற்றத் திமிறியது, இடது கை இறுக்கிப் பிடித்தது. இறக்கையைப் பிடித்தால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்த்தது. ஸ்டார்ட்டரை வீசிவிட்டு வலது கையால் உடம்பை அமுக்கினார். இரண்டு கையும் மாட்டிக்கொண்டது.

"ஸ்விட்ச்! ஸ்விட்ச்!"

கழுத்தில் தொங்குவதில் எட்டு ஸ்விட்ச். மச்சினன் ஒன்றைத் தட்டினான். அலறல் இன்னும் ஏறியது.

"அதை விட்டுத் தொலை! குழாயைக் கிள்ளு! டேங்க்லேருந்து வருது பாரு, அந்தக் குழாயை!"

அவன் மண்டிபோட்டுத் தலையை உள்ளே விட்டான். எண்ணெய் வழுக்கியது. பிடித்தான், நழுவியது. நடு இரும்பின் விளிம்பு அறுத்து, மாஸ்டரின் விரலிடுக்கிலிருந்து ரத்தம் அவன் மணிக்கட்டில் சொட்டியது.

"கிள்ளினா சத்தம் ஏறும்! பயந்து விட்டுடாதே!"

கிள்ளினான். ஏறியது. இருந்த கடைசிச் சொட்டு எரிபொருளையும் உறிஞ்சி அது கிறீச்சிட்ட நேரத்தில், அந்த இடது கை விரியவில்லை. அப்புறம் இன்ஜின் இருமியது. செத்தது.

மச்சினன் ஹெலிகாப்டரையும் சாமான் பெட்டியையும் காரில் போட்டு, அவனே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டுப்போடும் அறை வாசலில்தான் கேட்டான்.

"விட்டுட்டுப் பின்னால சாய்ஞ்சிருக்கலாமே மாமா?"

"சாய்ஞ்சிருக்கலாம். உன் மூஞ்சி அங்க இருந்துச்சே."

டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டுக் காயத்தைக் கழுவினார். "ரெண்டு விரல்ல ஆழமா இறங்கியிருக்கு. மடக்குங்க பாப்போம்."

மோதிர விரல் மடங்கியது. சுண்டுவிரல் அசையவில்லை. மச்சினன் சுவரைப் பார்த்துக்கொண்டான். "இன்னொரு தடவை." மாஸ்டர் பல்லைக் கடித்தார். சுண்டுவிரல் நத்தை மாதிரி நகர்ந்து, பாதி வளைந்து, அப்புறம் உள்ளங்கையைத் தொட்டது.

"தப்பிச்சீங்க. ஒரு மாசம் வேலை கூடாது. அப்புறம் பழையபடி துணி பிடிக்கலாம்."

தையல் போட டாக்டரம்மா ஊசியைத் தயார் பண்ணினார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கு நான் வந்திருக்கணும்டா. வந்திருக்கணும்."

"இப்ப எதுக்கு அது? கையைப் பாருங்க."

"சரி. அப்ப ஒரு வேலை செய்." கண்ணைத் திறந்தார். "அந்த இன்ஜினுக்குள்ள இன்னும் எரிபொருள் ஈரம் நிக்குது, அப்படியே விட்டா பேரிங் துருப்பிடிச்சுடும். பெட்டியில எண்ணெய் டப்பா இருக்கு. நாலு சொட்டு விட்டு, உன் கையால மெதுவா சுத்திவிட்டுட்டு வா."